நடு இன்னிங்ஸ்களில் வந்து வீசும் ரிலீஃப் பிட்ச்சரின் வெற்றியை எதை வைத்து மதிப்பிடுவது?

ஒன்பது இன்னிங்ஸ் (ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் மூன்று அவுட் ஆகும்வரை மட்டை பிடிக்கும்) கொண்ட பேஸ்பாலில், ஐந்து, ஆறு, ஏழாவது இன்னிங்ஸ்களில் இறங்கும் ரிலீஃப் பிட்ச்சர் (முன்பு வீசியவருக்குப் பதிலாக வீச வருபவர்) நன்றாக ஆடினாரா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தபோது, எந்த மட்டையாளர்களுக்கு எதிராக, பேஸ்களில் (ரன் எடுக்கச் சுற்றி ஓட வேண்டிய இடங்களில்) எத்தனை பேர் நிற்கும்போது அவரை அழைத்தார்கள் என்பதைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்லவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. மறுநாள் செய்தித்தாளில் வரும் அட்டவணையில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் இரண்டு ஓவர் வீசியவரை நிறுத்திவைத்துவிட்டுக் கடைசியில் மறுபடியும் வீசச் சொல்லலாம்; பேஸ்பாலிலோ ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்ட வீரர் அன்று திரும்பி வர முடியாது. ஆகவே ஓர் அணியின் மிகச் சிறந்த ரிலீஃப் பிட்ச்சரை ஆறாவது இன்னிங்ஸில் இறக்கினால், ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு அவர் பெரும்பாலும் கிடைக்கமாட்டார். இந்தக் கணக்கு கையைக் கட்டிப்போட்டதால்தான், அணிகளின் மேலாளர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் சிறந்த ஆளைக் கடைசி மூன்று அவுட்டுகளுக்கென்று பூட்டிவைத்தார்கள்.

ஆனால் ஆட்டம் கைநழுவும் இடம் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. தொடக்கப் பந்துவீச்சாளர் எதிரணியின் ஒன்பது மட்டையாளர்களையும் சுற்றிச் சுற்றிச் சந்திக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் அவருடைய பந்துகள் அவர்களுக்கு மேலும் பழகிப்போகின்றன, அவருடைய தோளும் தளர்கிறது, மூன்றாவது சுற்றில் அவர்கள் அவரை நன்றாகவே அடிக்கிறார்கள். அந்த மூன்றாவது சுற்று ஏறத்தாழ ஐந்தாவது அல்லது ஆறாவது இன்னிங்ஸில், வரிசையின் தலைசிறந்த மட்டையாளர்களுடன் தொடங்குகிறது. அங்கே வந்து நிற்பவர் நடு இன்னிங்ஸ் பிட்ச்சர்.

அவருடைய வேலையைப் பதிவேடுகள் எவ்வளவு மோசமாகக் கணக்கிடுகின்றன என்று பாருங்கள். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்குக் கிடைக்கும் 'சேவ்' 1969 முதல் அதிகாரபூர்வக் கணக்காக இருக்கிறது. நடுவில் வந்து முன்னிலையைக் காத்துக்கொடுப்பவருக்கான 'ஹோல்ட்' 1986-இல்தான் உருவாக்கப்பட்டது. உயர்மட்டத் தொழில்முறை லீகான மேஜர் லீக் அதை இன்றுவரை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. சராசரி ரன் கணக்கிலும் ஓட்டை உண்டு: அவர் வரும்போது பேஸில் நிற்கும் ஆட்கள் ரன் எடுத்தால், அந்த ரன் அவர்களை அங்கே ஏறவிட்ட முந்தைய பந்துவீச்சாளரின் பெயரில்தான் எழுதப்படும். தனக்கு முன்னால் நின்ற மூவரையும் ரன் எடுக்க விட்டவரும், மூவரையும் நின்ற இடத்திலேயே நிறுத்தியவரும் தாளில் ஒரே மாதிரி தெரிவார்கள்.

மேஜர் லீகின் இறுதிப் போட்டித் தொடரான உலகத் தொடரில், 2014-இன் ஏழாவது ஆட்டம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கான்சஸ் சிட்டியில் நடந்த அந்த ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் தொடக்க வீச்சாளர் டிம் ஹட்சன் இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. ஆட்டம் 2-2 என்று சமனாக இருந்தது. அப்போது வந்த ஜெரமி ஆஃபெல்ட் நான்காவது இன்னிங்ஸ் முடியும்வரை ரன் எதுவும் கொடுக்கவில்லை. பின்னர் அதே அணியின் மேடிசன் பம்கார்னர் ஐந்து இன்னிங்ஸ் வீசி 3-2 என்று ஆட்டத்தை முடித்தார், உலகமே அவரைக் கொண்டாடியது, அது நியாயமும்கூட. பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றியை ஒரு பந்துவீச்சாளரின் பெயரில் எழுதுவார்கள்; அந்த அதிகாரபூர்வ வெற்றியும் முதலில் பம்கார்னர் பெயரில்தான் எழுதப்பட்டது. முன்னிலை கிடைத்த நேரத்தில் வீசிக்கொண்டிருந்தவர் ஆஃபெல்ட் என்பதால் பிறகு அதைத் திருத்தி அவருக்குக் கொடுத்தார்கள். பதிவாளரே ஒரு கணம் மறந்துபோன அந்த ஏழு அவுட்டுகள் இல்லையென்றால், பம்கார்னர் காப்பதற்கு முன்னிலை என்று ஒன்று இருந்திருக்குமா என்பதே ஐயம்.

இருந்தாலும், நடு இன்னிங்ஸ் வெற்றி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் ஆண்ட்ரூ மில்லர். ஆறடி ஏழங்குல உயரம், இடக்கை. டெட்ராய்ட் அணி 2006-இல் புதிய வீரர்களுக்கான தேர்வில் அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது, ஆனால் தொடக்க வீச்சாளராக அவர் பல ஆண்டுகள் திணறினார். பாஸ்டன் அணி 2012-இல் அவரை ரிலீஃபுக்கு மாற்றியதும் எல்லாம் மாறியது. காரணம் எளிது. ஒரே மட்டையாளரை மூன்று முறை சந்திக்க வேண்டியவருக்கு மூன்று நான்கு வகைப் பந்துகள் வேண்டும். ஒரே முறை சந்திப்பவருக்கு வேகப்பந்தும் நல்ல ஸ்லைடரும் போதும். மில்லரின் ஸ்லைடர் வேகப்பந்தைப் போலவே கிளம்பி, கடைசி நொடியில் குறுக்கே வெட்டிக் கீழே இறங்கும். வலக்கை மட்டையாளர்களின் பின்காலருகே விழும் பந்துக்குக்கூட மட்டையைச் சுழற்றிவிட்டு அவர்கள் திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 2015-இல் 36 சேவ்கள் எடுத்து, அமெரிக்கன் லீகின் சிறந்த ரிலீஃப் பிட்ச்சர் விருதையும் பெற்றவர், அடுத்த ஆண்டு ஜூலை இறுதியில் கிளீவ்லாந்துக்கு மாற்றப்பட்டார். அன்று இந்தியன்ஸ், இன்று கார்டியன்ஸ் என்று அழைக்கப்படும் அந்த அணி, அவருக்காக நான்கு இளம் வீரர்களை விட்டுக்கொடுத்தது. 2016 பருவத்தில் அவர் மொத்தம் 123 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றி), 9 பேருக்கு மட்டுமே 'வாக்' (நான்கு 'பால்', அதாவது தவறான பந்துகள், வீசினால் மட்டையாளருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) கொடுத்தார். செப்டம்பரில் கார்லோஸ் கராஸ்கோவும் டேனி சலசாரும் காயப்பட, கிளீவ்லாந்தின் தொடக்க வரிசை ஆட்டம் கண்டது. மேலாளர் டெரி ஃபிரான்கோனா எடுத்த முடிவு இதுதான்: கடைசி இன்னிங்ஸை கோடி ஆலனிடம் விட்டுவிட்டு, மில்லரை எந்த இன்னிங்ஸில் ஆபத்து வந்தாலும் அந்த இன்னிங்ஸில் இறக்குவது. அக்டோபரில் நடக்கும் பிந்தைய பருவத்தில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்களில்), பாஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 4-3 என்ற முன்னிலையுடன், ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆனபோதே மில்லர் மைதானத்துக்குள் வந்தார். இரண்டு இன்னிங்ஸ், 40 பந்துகள். அடுத்து டொராண்டோவுக்கு எதிரான தொடரில் 23 அவுட்டுகள் எடுத்தார். அவற்றில் 14 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வாக்கோ ரன்னோ இல்லை. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது, ஒரே ஒரு சேவ் எடுத்த அவருக்குத்தான் கிடைத்தது.

உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் சிகாகோ கப்ஸுக்கு எதிரான ஏழாவது இன்னிங்ஸை இப்போதும் நான் எடுத்துப் பார்ப்பதுண்டு. கிளீவ்லாந்து 3-0 என்று முன்னணியில் இருக்க, அதன் தொடக்க வீச்சாளர் கோரி குளூபர் ஓர் ஆளை பேஸில் ஏறவிட்டுச் சென்றார். மில்லர் வந்ததும் கைல் ஷ்வார்பருக்கு வாக் கொடுத்தார், ஹாவியர் பாயெஸ் அடித்தார். மூன்று பேஸ்களும் நிறைந்துவிட்டன, ஓர் அவுட்கூட இல்லை. ஒரு ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எல்லோரும் ரன் எடுப்பது) போனால் 4-3 என்று ஆட்டம் கைமாறும். வில்சன் கான்ட்ரேராஸ் மேலே அடித்த பந்து நடுக்களத்தில் அருகிலேயே பிடிபட்டது. அடிசன் ரஸல் ஸ்ட்ரைக்அவுட். கடைசியாக டேவிட் ராஸ் மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்ற நிலைவரை போராடினார். ஒரு வாக் கொடுத்தால்கூட ரன் என்ற அந்த நேரத்தில், வேகப்பந்து வீசாமல் ஸ்லைடரையே வீசினார் மில்லர். ராஸ் பாதி சுழற்றி நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. 46 பந்துகளில் எட்டாவது இன்னிங்ஸையும் முடித்துக்கொடுத்த அவருக்கு அட்டவணையில் கிடைத்தது 'ஹோல்ட்' என்ற ஒற்றைச் சொல்.

இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஏழாவது ஆட்டம் வந்தபோது மில்லர் அந்த அக்டோபர் முழுவதும் அளவுக்கு மீறி உழைத்திருந்தார். ஐந்தாவது இன்னிங்ஸில் வந்தவர் இரண்டு ரன்கள் கொடுத்தார். ஆறாவது இன்னிங்ஸில் அவருடைய பந்தில் ஹோம் ரன் அடித்தவர், தன் கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்த அதே டேவிட் ராஸ். கப்ஸ் பத்து இன்னிங்ஸில் 8-7 என்று வென்றது. அதற்காக மில்லரின் அந்த அக்டோபர் தோல்வி ஆகிவிடாது: 19 இன்னிங்ஸ்களுக்குச் சற்று மேல் வீசி 30 ஸ்ட்ரைக்அவுட், மூன்றே ரன்கள், ஒரே பிந்தைய பருவத்தில் எந்த ரிலீஃப் பிட்ச்சரும் அதுவரை அத்தனை ஸ்ட்ரைக்அவுட் எடுத்ததில்லை.

ஆகவே நீங்கள் ஒருவரை மதிப்பிட விரும்பினால், 'சேவ்' எண்ணிக்கையையும் வெற்றி தோல்விக் கணக்கையும் ஒதுக்கிவிட்டு, ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கைக்கும் 'வாக்' எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தையும், முந்தையவர் விட்டுச்சென்ற ஆட்களில் எத்தனை பேரை அவர் ரன் எடுக்க விட்டார் என்பதையும், அவர் வந்த நேரத்தில் ஆட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதையும் பாருங்கள். அணிகள் இவற்றையெல்லாம் பார்க்கின்றன. சம்பள மேசைதான் இன்னும் முழுதாக மாறவில்லை. மில்வாக்கியின் ஜாஷ் ஹேடர் 2018-இல் ஒரே நாளில் இரண்டு மூன்று இன்னிங்ஸ்கள்கூட வீசி, 81 இன்னிங்ஸ்களில் 143 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். 2020-இல் சம்பள நடுவர் விசாரணையில் அவர் கேட்டது 64 லட்சம் டாலர். தீர்ப்பு அணியின் பக்கம் போய் அவருக்குக் கிடைத்தது 41 லட்சம். அதன் பிறகு ஓர் ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ், அதுவும் பெரும்பாலும் ஒன்பதாவது என்று அவர் தன்னைச் சுருக்கிக்கொண்டதில் எனக்கு அவர்மீது எந்தக் குறையும் இல்லை. கடினமான இன்னிங்ஸை வீசுபவரைவிடக் கடைசி இன்னிங்ஸை வீசுபவருக்கு அதிகம் கொடுக்கும் அந்த வழக்கத்தின்மீதுதான் குறை.