கட்-ஆஃப் சுவிட்ச் வாங்கறதுக்கு முன்னாடி

கே: ஆல்டோ வெச்சிருக்கேன். ரெண்டு வாரம் எடுக்காம விட்டா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பேட்டரி கனெக்‌ஷனைத் துண்டிக்கற கட்-ஆஃப் சுவிட்ச் போட்டா சரியாகுமா? (திண்டுக்கல்)

ஆகும், ஆனா மொதல்ல கரண்ட் எங்க ஒழுகுதுன்னு பாருங்க. நெகட்டிவ் கேபிளைக் கழட்டி நடுவுல மல்ட்டிமீட்டர் வெச்சு, வண்டியை லாக் பண்ணி அரைமணி நேரம் கழிச்சு மெக்கானிக்கைப் பாக்கச் சொல்லுங்க. 50 மில்லிஆம்ப்புக்குள்ள இருந்தா பரவாயில்ல. அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி சார்ஜோட அளவு), 35 ஏஎச் பேட்டரி ரெண்டு வாரத்துல பாதி காலி. அதனால சும்மா நிக்கற வண்டிக்கு சுவிட்ச் நல்லதுதான். 300, 400 காட்டினா வெளிய போட்ட ஸ்டீரியோ, ஜிபிஎஸ் வயரிங்கைத்தான் மொதல்ல பாக்கணும்.

கே: 'ப்யூர் பித்தளை, 500 ஆம்ப்'னு போட்டிருந்ததை ஆன்லைன்ல வாங்கினேன். பத்து நாள்ல செல்ஃப் எடுக்கும்போது டிக் டிக்குனு சத்தம், சுவிட்ச்சைத் தொட்டா சுடுது. ரிட்டர்ன் டைம் முடிஞ்சுருச்சாம். (ஈரோடு)

உங்க மேல ஒரு தப்பும் இல்லங்க, ஏமாத்தியிருக்காங்க. நானும் இதே மாதிரி ஒண்ணை 180 ரூபாய்க்கு வாங்கி, விடியக்காலை அஞ்சு மணிக்கு ஊருக்குக் கிளம்ப முடியாம வாசல்ல நின்னிருக்கேன். அப்புறம் அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்தா மேல மஞ்சள் உரிஞ்சு உள்ள வெள்ளை வெளேர்னு துத்தநாகக் கலவை. அந்த 500 ஆம்ப் சமாச்சாரம்தான் எனக்கு ரொம்ப வருஷமா ஆத்தாமை, எத்தனை செகண்டுக்கு 500, விடாம ஓடினா எவ்வளவுன்னு ஒருத்தனும் போடறதில்ல, வெறும் நம்பரை அச்சடிச்சு வித்துட்டுப் போயிடறான். செல்ஃப் மோட்டார் 150 ஆம்ப் இழுக்குதுன்னு வைங்க, சுவிட்ச்சுல 0.01 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே 1.5 வோல்ட் அங்கயே சூடா போயிடும், அப்புறம் செல்ஃப் எங்க சுத்தும்? வாங்கறவங்க விடாம ஓடற ஆம்ப் எவ்வளவுன்னு கேளுங்க, பதில் வரலைன்னா அந்தக் கடையை விட்டு வந்துடுங்க.

நீங்க அந்த விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, பில்லோட தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் புகார் குடுங்க. பொய் சொல்லி வித்த பொருளுக்கு ரிட்டர்ன் டைம் ஒரு சாக்கே இல்ல. அதுல தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, ரெண்டு வருஷம் வரைக்கும் டைம், 5 லட்சத்துக்குள்ள பொருளுக்கு ஃபீஸும் கிடையாது. விடாதீங்க.

கே: இன்ஜின் ஓடும்போது ஆஃப் பண்ணிப் பாக்கலாமா? (கடலூர்)

கூடாது. வோல்டேஜ் எகிறி பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரும், இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டரான ஈசியுவும் போயிடும்.

கே: நானே பாசிட்டிவ்ல மாட்டினேன். ஸ்பேனர் பாடில பட்டு பெரிய ஸ்பார்க். பில்லும் வாங்கல, கடைக்காரர்கிட்ட கேக்க முடியுமா? (வேலூர்)

என்னன்னு கேப்பீங்க? பொருள்ல குறை இல்ல, மாட்டினதுலதான் தப்பு. சுவிட்ச் நெகட்டிவ்லதான் போகணும், அங்க ஸ்பேனர் பாடில பட்டாலும் ஒண்ணும் ஆகாது. 100 ரூபாய் கூலிக்குப் பாத்து கண்ணுல தீப்பொறி பட்டிருந்தா? பில் இல்லாம எதையும் வாங்காதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது.

கே: பிஎஸ்6 லாரி. டிரைவர் சாவி எடுத்த உடனே ஐசோலேட்டரையும் (பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்) ஆஃப் பண்றார். தப்பா? (நாமக்கல்)

தப்புதான். சாவி ஆஃப் ஆனதும் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ற யூரியா திரவம்) பம்ப், லைன்ல மிச்சம் இருக்கறதை டேங்குக்குத் திரும்ப இழுக்கும். நடுவுல கரண்ட்டை நிறுத்தினா அது உள்ளயே காய்ஞ்சு உப்பு மாதிரி படிஞ்சு நாசிலை அடைக்கும். ரெண்டு நிமிஷம் பொறுத்து ஆஃப் பண்ணச் சொல்லுங்க, உங்க வண்டி மேனுவல்ல அதுக்கு மேல போட்டிருந்தா அந்த டைம்.