தட்டு கம்பிக்குள் நுழையாது

வணக்கம் அக்கா,

அம்மாவை 6 வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். டயாலிசிஸுக்கு அழைத்துப் போனது, குளிப்பாட்டியது எல்லாம் நான். அம்மா போன பிறகுதான் தெரிந்தது, மத்திய சேம நிதிப் பணத்துக்கு (சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமிப்பு) அண்ணன் பெயரை மட்டும் எழுதிவைத்திருந்தார் என்று. அண்ணன் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. 11 வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன வாரம் மகள் கல்யாணத்துக்கு அழைக்கத் தட்டோடு வந்து நின்றார். நான் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. பத்திரிகையை மட்டும் கம்பி வழியாக வாங்கிக்கொண்டேன். மன்னிக்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் சென்ட் வரை எழுதியிருந்த தொகையை மட்டும் நீக்கிவிட்டு வெளியிடுகிறேன். ராத்திரியில் எத்தனை முறை அதைக் கூட்டிக் கழித்திருப்பீர்கள்!

அண்ணன் செய்தது தப்பு. பாதியைக் கொடுக்க எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சேம நிதிப் பணம் உயிலில் வராது. இன்னாருக்கு என்று 2 சாட்சிகளை வைத்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் பொது அறங்காவலர் என்ற அரசாங்க அதிகாரி சட்டப்படி வாரிசுகளுக்குப் பிரித்திருப்பார். ஆக, கையெழுத்துப் போட்டது அம்மா. நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்டுவிட்டு மறந்திருக்கலாம். மனசறிந்தும் போட்டிருக்கலாம். உங்கள் கடிதத்தில் அம்மாமேல் ஒரு குறைகூட இல்லை. செத்துப்போனவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? அம்மாவின் பங்கையும் சேர்த்து அண்ணன் தலையிலேயே ஏற்றிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. படத்துக்கு முன்னால் நின்று, "ஏம்மா என் பேரை எழுதல?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும் எனக்கும் நடைபாதையில் வைத்த செருப்பு அலமாரியால் மனஸ்தாபம். ஹரி ராயா அன்று, அதாவது நோன்புப் பெருநாள் காலையில், பலகாரத்தோடு வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்" என்றார். வெளியே தெரிந்த பிழை, உள்ளுக்குள் நினைத்த பிழை இரண்டையும் பொறுத்துக்கொள் என்று அர்த்தம். நியாயம் யார் பக்கம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அப்படியொரு வாசகம் நம் வாயில் எளிதில் வருவதில்லை, அதிலும் நம் அண்ணன்மார்களுக்கு. வெற்றிலை பாக்கை ஏந்திக்கொண்டு வந்து நிற்கத்தான் தெரியும்.

தட்டு கம்பிக்குள் நுழையாது. பத்திரிகையை உங்களிடம் கொடுத்துவிட்டு, அந்த வெற்றிலையும் குங்குமமுமாக அவர் மின்தூக்கிக்குத் திரும்பி நடந்திருப்பார். எனக்கு அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

கல்யாணத்துக்குப் போவது பிறகு இருக்கட்டும். போன் போட்டு, "தட்டை எடுத்துக்கிட்டு வாங்கண்ணே" என்று சொல்லுங்கள். கதவைத் திறந்து கையில் வாங்குங்கள். தேநீர் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.