கில்லும் பாலியும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் மூன்று ஆண்டுகளாக டப்ளினுக்குத் தென்மேற்கே டாலாவில் குடும்பத்துடன் வசிக்கிறேன். அயர்லாந்துப் பயணக் கட்டுரைகளைத் தமிழில் தொடராக எழுதிவருகிறேன். ஊர்ப்பெயர்களில்தான் தடுமாற்றம். பெயர்ப்பலகையில் ‘டன் லாவோகைர்’ என்று படிக்கும்படி எழுத்துகள் இருக்கின்றன. ஊராரோ ‘டன் லீரி’ என்கிறார்கள். எழுத்தைப் பார்த்து எழுதுவதா, ஒலியைக் கேட்டு எழுதுவதா? பாதி எழுத்துகளை விழுங்கும் இந்த மொழிக்கு விதியே இல்லை என்று தோன்றுகிறது. பள்ளியில் ஐரிஷ் படிக்கும் என் ஏழு வயது மகள், நான் பலகைகளைப் படிப்பதைக் கேட்டுச் சிரிக்கிறாள். இன்னொன்றும் கேட்க வேண்டும். இங்கே ‘கில்’ என்றால் வழிபாட்டிடம், நம் ‘கோயில்’. ‘பாலி’ என்று தொடங்கும் ஊர்கள் ஏராளம், நம் ‘பள்ளி’. இவை தமிழ்த் தடங்கள் அல்லவா? ஆங்கிலேயர் எல்லாப் பெயர்களையும் சிதைத்ததால்தான் இந்த உறவு மறைந்துபோயிற்றா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில், ஜான் ஓ’டொனவன் என்ற அறிஞர் 1830களில் அயர்லாந்தின் மாவட்டங்களிலிருந்து எழுதிய கடிதங்களைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தொட்டதும் அதே பொருளை. அதனால்தான் உடனே எழுதுகிறேன். ஆனால் முதலில் என் கோபத்தைச் சொல்லிவிட வேண்டும்.

கில், கோயில் அல்ல. பாலி, பள்ளி அல்ல. தமிழ்மேல் உங்களுக்குள்ள பற்றை மதிக்கிறேன். ஆனால் மூன்று ஆண்டுகள் ஒரு நாட்டின் சோற்றை உண்டபின், அந்த நாட்டு ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்ல அந்த நாட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது. கில்கென்னி என்றால் புனித கனிஸின் தேவாலயம். கில்டேர் என்றால் ஓக் மரத்தின் தேவாலயம். இவற்றில் உள்ள ‘கில்’, லத்தீன் மொழியின் ‘கெல்லா’ என்ற சொல்லிலிருந்து கிறிஸ்தவத் துறவிகளோடு அயர்லாந்துக்கு வந்தது. துறவி தங்கும் சிற்றறை என்பது அதன் பொருள். அறை வளர்ந்து தேவாலயமாயிற்று. இதில் மர்மம் எதுவும் இல்லை. 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்து, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் உறவை நாட்ட இலக்கணத்தை ஒப்பிட்டார். ஒலியால் ஒத்த இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதை அந்த நூலைப் புரட்டிய எவரும் அறிவர்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எந்த ‘கில்’லைக் கோயில் என்கிறீர்கள்? ஆங்கில வரைபடத்தில் ‘கில்’ என்று நிற்பது ஐரிஷ் மொழியில் ஒரே சொல் அல்ல. ‘க்யில்’ என்று ஒலிப்பது தேவாலயம். ‘கைல்’ என்று ஒலிப்பது காடு. ஐரிஷ் காதுக்கு இவை இரண்டும் வெவ்வேறு. நமக்கு மலையும் மழையும் போல. ஆங்கில எழுத்தில் வரும்போது இரண்டுமே பெரும்பாலும் ‘கில்’ என்று ஆகிவிட்டன. கில்மோர் என்ற பெயரைப் பலகையில் பார்த்தால் அது பெரிய தேவாலயமா, பெரிய காடா என்று எவராலும் சொல்லமுடியாது. கால்வே மாவட்டத்துக் கைல்மோர் பிழைத்துக்கொண்டது. அங்கே ஆங்கில எழுத்தே ‘கைல்’ என்று நின்றதால் காடு காடாகவே தெரிகிறது. கார்க் மாவட்டத்தில் ‘யால்’ என்று ஒரு துறைமுக ஊர் உண்டு. அதன் பெயர் யூ மரக்காடு. அந்தக் ‘காடு’ இன்று பெயரின் கடைசி எழுத்துகளுக்குள் சத்தமின்றி ஒளிந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் நிலத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே காடு எஞ்சியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மரம் போய்விட்டது. மரம் இருந்ததைச் சொல்ல எஞ்சியது பெயர் ஒன்றே. அந்தப் பெயரையும் தேவாலயத்தோடு குழப்பிவிட்டால் அங்கே காடு இருந்ததற்கு வேறு சாட்சி ஏது?

‘பாலி’யும் அப்படித்தான். அது பெரும்பாலும் ‘பால்ய’ என்ற சொல்; குடியிருப்பு, ஊர். பாலிமீனா என்றால் நடுவூர். ஆனால் மேயோ மாவட்டத்தின் பாலினா அப்படி அல்ல; அது ‘பேல் அன் ஆஹ’, அதாவது ஆற்றைக் கடக்கும் துறையின் வாய். பாலினஸ்லோவும் துறைவாய்தான், மக்கள் திரளும் துறையின் வாய். ஆறு இருக்கிறது, இறங்கிக் கடக்கும் இடம் இருக்கிறது, அங்கே கூட்டம் கூடியிருக்கிறது. இத்தனையும் பெயருக்குள் இருந்தன. ‘பாலி’ என்று எழுதியதும் ஆறு வற்றி ஊர் மட்டும் நிற்கிறது. நீங்கள் அதன்மேல் ‘பள்ளி’ என்று இன்னொரு பூச்சைப் பூசுகிறீர்கள்.

இங்கேதான் ஓ’டொனவன் வருகிறார். 1824இல் அயர்லாந்து முழுவதையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைபடமாக்கும் பணி, தாமஸ் கோல்பி என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் தொடங்கியது. நோக்கம் நிலவரி. டவுன்லேண்ட் எனப்படும் நிலக்கூறுகள் அந்த நாட்டில் 60,000க்கும் மேல். ஒவ்வொன்றின் எல்லையும் பரப்பும் தெரிந்தால்தான் வரியைச் சீராக விதிக்கமுடியும். எல்லை வரைந்தால் பெயர் எழுதியாக வேண்டும். ஒரே இடம் குத்தகைப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், பாதிரியாரின் வாயில் வேறுவிதமாகவும், நிலக்கிழாரின் கணக்கில் மூன்றாம் விதமாகவும் இருந்தது. அளவையாளர்கள் இவ்வடிவங்களையெல்லாம் பெயர்ப் புத்தகங்களில் வரிசையாகக் குறித்தார்கள். எது சரி என்று தீர்மானிக்க ஐரிஷ் அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். 1830இல் ஓ’டொனவன் சேர்ந்தார். 1806இல் கில்கென்னி மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அலுவலகத்தில் அவருக்கு மேலிருந்த தாமஸ் லார்கம் என்ற அதிகாரி அவரிடமே ஐரிஷ் பாடம் கேட்டார் என்பதை நான் எப்போதும் மரியாதையோடு நினைப்பேன்.

அவர் செய்தது எளிய காரியம். ஊர் ஊராகப் போனார். ஐரிஷ் பேசும் முதியவர்களைத் தேடி, உங்கள் இடத்தின் பெயரை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். க்யில் என்கிறார்களா, கைல் என்கிறார்களா என்று காதால் பிரித்தார். பழைய ஏடுகளில் உள்ள வடிவத்தோடு ஒத்துப் பார்த்தார். பெயர்ப் புத்தகத்தில் முதலில் ஐரிஷ் வடிவத்தையும், பிறகு வரைபடத்துக்கு உரிய ஆங்கில எழுத்தையும் எழுதினார். அச்சேறியது ஆங்கில எழுத்து மட்டுமே. ஐரிஷ் வடிவம் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. என் துக்கமெல்லாம் இந்த ஒரு முடிவைப் பற்றியதுதான். உழைப்பு நடந்திருக்கிறது, கேட்கவேண்டியவர்களிடம் கேட்டாயிற்று, விடை கையில் இருக்கிறது; பெயர் நெடுகப் போய்ச்சேரும் தாளில் மட்டும் அது ஏறவில்லை.

1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் மேல். 1845இல் உருளைக்கிழங்கு நோய் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். பேரிழப்பு ஐரிஷ் பேசிய ஏழைகளுக்கே. ஓ’டொனவனுக்குப் பெயர் சொன்ன முதியவர்களில் எத்தனை பேர் அதன்பின் எஞ்சியிருப்பார்கள்? அவர் பத்து ஆண்டுகள் தாமதித்துப் போயிருந்தால், பல நிலக்கூறுகளில் கேட்க ஆளே இருந்திருக்கமாட்டார்கள். இன்று அரசின் ஊர்ப்பெயர்ப் பிரிவு ஒரு ‘கில்’ எந்தக் கில் என்று தீர்மானிக்க அமரும்போது, அவர் கையெழுத்தில் உள்ள அந்த ஐரிஷ் வடிவத்தைப் புரட்டிப் பார்க்கிறது. ஆகவே ஆங்கிலேயர் எல்லாவற்றையும் சிதைத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். சிதைவும் காப்பும் ஒரே அலுவலகத்தில், ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தில் நடந்திருக்கின்றன. ஆங்கிலேயருக்கு முன்பே வைக்கிங்குகள் வந்து பெயரிட்டுப் போனதையும் மறக்காதீர்கள். லீக்ஸ்லிப் என்பது நார்ஸ் மொழியில் சால்மன் மீன் துள்ளுமிடம். ஐரிஷ் பெயர் அதையே மொழிபெயர்த்துக்கொண்டது.

பெயரை முற்றாகப் பறித்த கதை வேறு. நீங்கள் கேட்ட டன் லீரியே 1821இல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் வருகைக்குப் பிறகு கிங்ஸ்டவுன் ஆக்கப்பட்டு, 1920இல்தான் தன் பெயருக்குத் திரும்பியது. 1849இல் விக்டோரியா அரசியின் வருகையால் குவீன்ஸ்டவுன் ஆன துறைமுகம் இன்று கோவ். டைட்டானிக் கடைசியாக நின்று புறப்பட்ட இடம் அது. நான் ஒரு கட்டுரையில் ‘கோவ்’ என்று எழுதியதை, அச்சிட்ட இதழ் என்னைக் கேளாமல் ‘கோப்’ என்று திருத்திவிட்டது. ஆண்டுகள் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

அந்தத் திருத்தத்தின் வேர் நீங்கள் சொன்ன அதே எண்ணம்தான்: ஐரிஷ் எழுத்துக்கு விதி இல்லை. விதி இருக்கிறது, ஆங்கிலத்தைவிடக் கறாராக இருக்கிறது. ஒரு மெய்யெழுத்தின் பின் ‘எச்’ வந்தால் அது நெகிழ்கிறது. ‘பி’ வகரமாகிறது, ‘டி’ ஹகரமாகிறது. பழைய ஐரிஷ் எழுத்தில் இந்த ‘எச்’சுக்குப் பதிலாக, நெகிழும் மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி வைத்து எழுதும் மொழியில் பிறந்த உங்களுக்கு அது புரியாமல் போகலாமா? அருகிலுள்ள உயிரெழுத்துகளில் சில ஒலிப்பதற்காக நிற்பவை அல்ல. பக்கத்து மெய் அகன்றதா, மெல்லியதா என்று காட்ட நிற்பவை. லீஷ் மாவட்டத்தின் பெயரில் கடைசி ‘எஸ்’ ஷகரமாவது அதற்கு முன் நிற்கும் ‘ஐ’யால். லீரியின் நடுவிலே ஊமையாக நிற்கும் எழுத்துகள், ஐந்தாம் நூற்றாண்டு மன்னன் ஒருவனின் பெயரைப் பழைய எழுத்துமுறையிலேயே காத்துவைத்ததால் நிற்பவை. எழுத்தை ஆங்கிலக் கண்ணால் படித்துவிட்டு, விழுங்குகிறார்கள் என்று அவர்கள்மேல் பழி சொல்கிறீர்கள். உங்கள் மகள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

நானும் அப்படிச் சிரிக்கப்பட்டவன். கால்வேக்கு மேற்கே, ஐரிஷ் இன்றும் வீட்டுமொழியாக உள்ள பகுதியில் ஒரு மூதாட்டியின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஆங்கிலத்தில் காரரோ என்று எழுதப்படும் ஊர். முதல் மாலையில் அவர் என் ஊரைக் கேட்டார். சோழவந்தான் என்றேன். ழகரத்தில் தடுமாறி, என் வாயையே பார்த்துக்கொண்டு, நான்காவது முறை சரியாகச் சொல்லிவிட்டார். பிறகு பொருள் கேட்டார். சோழன் வந்த இடம் என்று சொல்வார்கள் என்றேன். தலையசைத்துவிட்டு, இப்போது என் ஊரைச் சொல் என்றார். நான் காரரோ என்றதும் சிரித்தார். அடுப்பில் நீர் கொதித்து அடங்கும்வரை என்னை விடவில்லை. ‘அன் ஹியாஹ்ரு ரூஅ’: சிவந்த கால்கூறு நிலம். மறுநாள் காலை என்னை வாசலுக்கு அழைத்து, கல்சுவர்களுக்கு இடைப்பட்ட சிறு வயல்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொன்னார். அவற்றில் ஒன்றுகூட நான் கையில் வைத்திருந்த வரைபடத்தில் இல்லை. நான் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, தன் பேரன்கூடக் கேட்டதில்லை என்றார். எழுதிக்கொண்டேன். என் கையெழுத்தில், தமிழில், பதினொரு வயல்கள் இருக்கின்றன.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒலியைக் கேட்டு எழுதுங்கள். ஊரார் ஆங்கிலத்தில் பேசும்போது டன் லீரி, போர்ட்லீஷ், யால், கோவ் என்கிறார்கள். உங்கள் கட்டுரையிலும் அவை அப்படியே இருக்கட்டும். ஐரிஷ் பெயரைத் தனியே குறிப்பிடும் இடத்தில் மட்டும் பழக்கத்தால் டகரத்துக்குப் போகாதீர்கள். ஐரிஷின் அகன்ற ‘டி’ நாக்கு பல்லைத் தொட்டு எழுவது. அது நம் தகரத்துக்குத்தான் நெருக்கம். டன் லீரியைத் தூன் லேர என்றும், டெரி நகரைத் தெர என்றும் எழுதினால், வல்லோசையா மெல்லோசையா என்று வாசகர் சற்றுத் தயங்குவார். ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். டிங்கிள் ஊருக்கு எந்தப் பெயர் என்ற வழக்கை இங்கே விரிக்கப்போவதில்லை. அரசு 2005இல் ஐரிஷ் பெயரை மட்டும் வைத்ததும், ஊரார் வாக்களித்து இரு பெயரும் வேண்டும் என்றதும், 2011இல் சட்டம் அவர்களுக்கு இணங்கியதும் நீங்கள் தேடினால் கிடைக்கும்.

டாலாவில் குடியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரின் ஐரிஷ் வடிவம் ‘தவ்லக்த்’. கொள்ளைநோயில் மாண்டவர்களைப் புதைத்த இடம். நீங்கள் தினமும் ஏறும் ட்ராமில் இரு மொழியிலும் அறிவிக்கிறார்கள். இன்று மாலை உங்கள் மகளை அதைச் சொல்லச் சொல்லுங்கள். நடுவிலே வகரம் எவ்வளவு கேட்கிறது, கடைசி ககரம் தொண்டையில் எங்கே உரசுகிறது என்று கவனித்துத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். என் காதில் இருப்பது மேற்குக் கரையின் உச்சரிப்பு மட்டுமே. அவள் பள்ளியில் கேட்பது வேறாக இருக்கலாம்.

அன்புடன்.