பிரேக்கை மாற்றுவதற்கு முன் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என் சைக்கிளில் வி-பிரேக், அதாவது இரண்டு கைகள் ரிம்மை இரு பக்கமும் அழுத்தும் வகை. கொஞ்ச நாளாக முன் லீவரைப் பிடித்தால் கல் மாதிரி இருக்கிறது, விட்டால் திரும்பி வர மறுக்கிறது. கடையில் பிரேக் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கே போய்விடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இரண்டு கட்டைகளையும் கையால் ரிம்மோடு சேர்த்து அழுத்தினால், மேலே வளைந்து வரும் அந்த உலோகக் குழாய் தாங்கியிலிருந்து கழன்றுவிடும். இப்போது பிரேக் கைகளைத் தனியாக அசைத்துப் பாருங்கள், லீவரையும் தனியாக அழுத்திப் பாருங்கள். இரண்டும் தடையில்லாமல் அசைந்து, கைகள் ஸ்பிரிங்கால் தானாக விரிந்தால் பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை, நடுவில் ஓடும் ஒயர்தான் இறுகியிருக்கிறது. பெரும்பாலும் அந்த வளைந்த குழாய்க்குள்ளோ, அவுட்டரின் (ஒயரைச் சுற்றியுள்ள உறையின்) வாய்ப்பகுதியிலோ துருவும் மண்ணும் சேர்ந்திருக்கும். இன்னர் (உள்ளே ஓடும் ஒயர்), அவுட்டர், வளைந்த குழாய் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். இன்னரை மட்டும் புதிதாகப் போட்டுப் பழைய அவுட்டரை வைத்துக்கொண்டால் சீக்கிரமே பழைய கதைதான்.

டிஸ்க் விஷயம் வேறு. ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைப் பொருத்த இடம் வேண்டும், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் டிஸ்க் மாட்டும் வகையாக இருக்க வேண்டும். இவை இல்லாத சைக்கிளில் டிஸ்க் போடுவது என்பது பாதி சைக்கிளை மாற்றுவது.

கேள்வி: சரி, ஒயர் வாங்குகிறேன். எதைப் பார்த்து வாங்குவது? எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

பதில்: தெரியும், ஆனால் இல்லை. பிரேக் இன்னர் 1.5 அல்லது 1.6 மி.மீ. தடிமன், கியர் இன்னர் 1.1 அல்லது 1.2. அடுத்தது தலை. நேரான ஹேண்டில்பார் லீவருக்கு உருளை வடிவத் தலை, வளைந்த ரோடு சைக்கிள் ஹேண்டில்பார் லீவருக்குப் பேரிக்காய் வடிவத் தலை. சில ஒயர்களில் ஒரு முனையில் ஒன்று, மறு முனையில் இன்னொன்று என இரண்டும் இருக்கும், வேண்டாததை வெட்டிவிட வேண்டும். (வேண்டியதை வெட்டிவிட்டு அரை மணி நேரம் ஒயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு.) துருப்பிடிக்காத ஸ்டீல் ஒயராக வாங்குங்கள், மேலே பூச்சு உள்ளது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வருத்தமில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது அவுட்டரைப் பற்றித்தான். பிரேக் அவுட்டருக்குள் தட்டையான கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும், தடிமன் பொதுவாக 5 மி.மீ. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், 4 மி.மீ. இருக்கும். வீட்டில் கியர் அவுட்டர் மிச்சம் கிடக்கிறதே என்று அதைப் பிரேக்கில் மாட்டிவிடாதீர்கள். முழு பலத்தோடு பிரேக் பிடிக்கும்போது அந்தக் கம்பிகள் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம், அதுவும் பிரேக் மிக அவசியமான அந்த நொடியில். நீளவாக்குக் கம்பியோடு பிரேக்குக்கென்றே வலுவூட்டி வரும் அவுட்டரும் உண்டு, கேபிள் டிஸ்க்குக்கு அது அருமை, ஆனால் பிரேக்குக்கானது என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும்.

வெட்டுவதற்குச் சாதாரண கொறடு வேண்டாம், ஒயர் பிரிந்து துடைப்பம் போல ஆகிவிடும். சைக்கிள் ஒயர் கட்டர் இல்லையென்றால் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். அவுட்டரின் முனையை அரத்தால் சமமாக்கி, உள்ளே நசுங்கிப்போன பிளாஸ்டிக் குழாயை ஓர் ஊசியால் திறந்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைப் பலர் செய்வதில்லை, அப்புறம் புது ஒயரும் இறுக்கமாக இருக்கிறது என்கிறார்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினாலும் அவுட்டர் இழுபடக் கூடாது, அதற்கேற்ற நீளம் வையுங்கள். ஒயரைப் பிடிக்கும் போல்ட்டை முறுக்கியதும் லீவரைப் பத்துப் பன்னிரண்டு தடவை பலமாக அழுத்துங்கள். ஒயர் கொஞ்சம் தளரும், மறுபடி இழுத்து முறுக்கி, முனையில் மூடி ஒன்றை நசுக்கி விடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் குழாய் உள்ள அவுட்டரில் கெட்டி கிரீஸ் திணிக்காதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஒயரில் இயங்கும் டிஸ்க் பிரேக். லீவர் ஹேண்டிலைத் தொடும் அளவுக்கு வந்துவிடுகிறது. மாதாமாதம் ஒயரை இழுத்து இறுக்கித் தருகிறார்கள், மறுபடி அதேதான்.

பதில்: இந்த வகை பலவற்றில் ஒரு பக்க பேட் (டிஸ்க்கை அழுத்தும் கட்டை) மட்டும்தான் நகரும், மறு பக்கத்து பேட் அப்படியே நிற்கும். பேட் தேயத் தேய காலிப்பரில் உள்ள திருகால் அந்த நிற்கும் பேடை டிஸ்க்குக்கு அருகில் கொண்டுவர வேண்டும். அதை விட்டுவிட்டு ஒயரையே இழுத்துக்கொண்டிருந்தால் காலிப்பரின் கை பாதி தூரம் ஏற்கெனவே நகர்ந்த நிலையில் நிற்கும், பிறகு அழுத்த இடமே இருக்காது. பேடையும் பாருங்கள், தேய்ந்தே முடிந்திருக்கலாம்.

கேள்வி: புது சைக்கிளில் ஹைட்ராலிக் எடுக்க ஆசை. பராமரிப்பு தொல்லை என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அன்றாடம் பார்த்தால் ஒயரை விட வேலை குறைவு. பேட் தேய்ந்தால் அதைத் தள்ளும் பிஸ்டன் தானே முன்னால் வந்து ஈடு செய்துகொள்ளும், ஒரு விரலால் அழுத்தினாலே பிடிக்கும். ஆனால் குழாய் ஒழுகினாலோ உள்ளே காற்று புகுந்தாலோ ஸ்பேனரை வைத்துக்கொண்டு வழியில் சரிசெய்ய முடியாது. அதனால் வாங்குவதற்கு முன் அதே மாடலுக்கான பேடும், காற்று எடுக்கும் கிட்டும் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காது என்றால் நல்ல கேபிள் டிஸ்க்கே போதும் என்பேன்.

எண்ணெயில் இரண்டு சாதி. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ மினரல் ஆயில். ஹோப், ஸ்ராமின் பல மாடல்கள் டாட் திரவம் (கார் பிரேக்கில் ஊற்றும் வகை). ஸ்ராமிலேயே டிபி8, மேவன் இரண்டும் மினரல் ஆயில், ஆக கம்பெனிப் பெயரை நம்பாமல் லீவரின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டுப்போகும், பிரேக்கே போச்சு. டாட் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4-க்கு ஈரமில்லாதபோது கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155. எனவே குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும், திறந்து வைத்த பழைய டப்பாவையும் பயன்படுத்தக் கூடாது. பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். மினரல் ஆயிலுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. முதல் ஹைட்ராலிக் என்றால் நான் மினரல் பக்கம்தான்.

கேள்வி: காரில் ஏற்ற சக்கரத்தைக் கழற்றினேன், பையன் லீவரை அழுத்திவிட்டான். இப்போது டிஸ்க் உள்ளே போகவில்லை!

பதில்: டிஸ்க் இல்லாமல் அழுத்தியதால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிட்டன, உடையவில்லை. டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரை பேடுகளுக்கு நடுவே விட்டு மெதுவாகத் தள்ளுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். சக்கரத்தை மாட்டியதும் லீவரைச் சில தடவை அழுத்தினால் சரியாகிவிடும். அடுத்த தடவை ஒரு மடித்த அட்டையைச் செருகி வையுங்கள். சைக்கிளைத் தலைகீழாக வைத்த பிறகு லீவர் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது, காற்று எடுக்க வேண்டும்.

கேள்வி: டிஸ்க் கத்துகிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். விட்டாயிற்று என்றால் டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், பேடைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.