பெயர் வெட்டிய பானை

அன்புள்ள ஐயா,

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. உடுமலைப்பேட்டை வீட்டை விற்பது என்று முடிவாகி, போன வாரம் அண்ணன்கள் இருவரும் நானும் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டா, குடம், தூக்கு, வெண்கலப் பானைகள், ஈயச்சொம்பு என்று ஓர் அறை நிறையக் கிடக்கிறது. மொத்தமாக எடைக்குப் போட்டுப் பணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. நாலைந்தை மட்டும் எடுத்துவந்து, பாலிஷ் போட்டு, வார்னிஷ் அடித்து ஹாலில் வைக்கலாமா என்று பார்க்கிறேன். குடத்தில் மணி பிளான்ட் வைத்தால் அழகாக இருக்கும். ஒரு பானையில் ஏதோ பெயர் வெட்டியிருக்கிறது. 'பொன்' வரைக்கும் படிக்க முடிகிறது. அடுத்த எழுத்து தமிழ் மாதிரியே இல்லை, சுழித்துக்கொண்டு போகிறது. பிறகு தேய்ந்துவிட்டது, கடைசியில் ஒரு 'ள்'. எங்கள் வீட்டில் அப்படி யாரும் கிடையாது, சந்தையில் யாரோ விற்றதை வாங்கியிருப்பார்கள், முதலில் அதைப் போடு என்கிறார் பெரியண்ணன்.

என் கேள்வி வேறு. அம்மா வாசலில் மூன்று கல் கூட்டி வெண்கலப் பானையில்தான் பொங்கல் வைப்பார்கள். நான் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறேன், இத்தனை வருடமும் குக்கர்தான். இனி பானையில் வைக்க ஆசை. கேஸ் அடுப்பில் வைத்தால் அது பொங்கல் ஆகுமா? எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும்? வரும் தைக்குள் அம்மாவுக்கு வருஷம் திரும்பியிருக்காது, வைக்கலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்,

கேஸ் அடுப்பு தாராளமாகப் போதும். பால் பொங்கி வழிய வேண்டும், அவ்வளவுதான். அடுப்பை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். திசையைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள், காலை வெயில் விழுகிற ஜன்னல் ஒன்று இருக்கும். வருஷம் திரும்புவதற்கு முன் வைக்கலாமா என்பதை உங்கள் வீட்டுப் பெரிய மனுஷிகளிடம் கேளுங்கள், அவர்கள் சொல்வதுதான் சரி. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பித்தளை கீழே விழுந்தால் நசுங்கும், வெண்கலம் விரிசல் விட்டுவிடும். ஊரிலிருந்து வரும்போது பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னைத் தூங்கவிடாதது பொங்கல் இல்லை. 'ஏதோ பெயர் வெட்டியிருக்கிறது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி. எட்டு மாதமாக அம்மாவை நினைத்து அழுதுகொண்டிருக்கிற ஒரு மகளுக்கு, அம்மா வீட்டுப் பானையில் இருக்கும் பெயர் எப்படி 'ஏதோ பெயர்' ஆயிற்று? கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மேலே படியுங்கள்.

எங்கள் வீடு மாயவரம் பக்கம். அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தார். பெயர் தில்லை. நான் பிறப்பதற்கு முன்பே முதல் பிரசவத்தில் போய்விட்டார், குழந்தையும் தங்கவில்லை. போட்டோ கிடையாது. அவருக்குக் கொடுத்த சீரில் கொஞ்சம் திரும்பி வந்தது, அதில் ஒரு பித்தளைச் சொம்பு. கழுத்துக்குக் கீழே உளியால் தட்டித் தட்டி வெட்டிய பெயர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில், யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைந்த அந்தப் பழைய 'லை'யை நான் விரலால் தடவித்தான் கற்றுக்கொண்டேன். "இது யாரு அப்பாயி?" என்று கேட்டால், "உன் அத்தை" என்பார் அப்பாயி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

1976-ல் நான் ஐந்தாம் வகுப்பு. பழைய பித்தளைக்கு எவர்சில்வர் கொடுக்கிறவர் சாக்கும் தராசுமாகச் சைக்கிளில் தெருவுக்கு வந்திருந்தார். அப்பாயி கோயிலுக்குப் போயிருந்தார். சொம்பின் அடியில் ஓட்டை விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது. அம்மா எடுத்துவரச் சொன்னார், நான்தான் உள்ளே ஓடிப்போய் எடுத்துவந்தேன். நிறுத்துப் பார்த்துவிட்டு அவர் அதை எங்கள் வாசல்படியில் படுக்கவைத்து, எடைக்கல்லால் இரண்டு அடி அடித்தார். சாக்கில் இடத்தை அடைக்கக் கூடாது என்பதற்காக. தட்டையாகிப்போன பித்தளையில் 'தி' மட்டும் கொஞ்சம் தெரிந்தது. சாயங்காலம் அப்பாயி வந்து அலமாரியைப் பார்த்தார். திட்டவில்லை. நடையில் உட்கார்ந்து, "தில்லையையும் போட்டுட்டீங்களாடா" என்றார். 1983-ல் சாகிற வரைக்கும் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை.

சொம்புக்குப் பதிலாக வந்தது ஒரு தட்டு. அம்மா அதைக் கடைக்குக் கொண்டுபோய் என் பெயரை வெட்டி வாங்கிவந்தார். இன்றைக்கும் அதில்தான் சாப்பிடுகிறேன். அம்மா மேல் எனக்குக் குறையில்லை. ஓட்டைச் சொம்பைக் கொடுத்து வளரும் பிள்ளைக்கு ஒரு தட்டு வாங்கினார். ஆனால் அத்தை இந்த உலகத்தில் இருந்தார் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சியை என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அது என்னோடுதான் போகும்.

உங்கள் தாத்தா பெயர் எங்கெல்லாம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டாவில், கிரயப் பத்திரத்தில், கல்யாணப் பத்திரிகையில், கோயில் நன்கொடைக் கல்லில், மொய் நோட்டில். பாட்டி பெயர்? பூர்வீகச் சொத்தில் மகனோடு சமமாக மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல். அப்போதும், அதற்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்கு அது இல்லை. அந்தத் தடையும் நீங்கியது 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்திய பிறகுதான். அதுவரைக்கும் நிலம் அண்ணன் தம்பிகளோடு நின்றுவிடும், பெண்ணோடு வண்டியேறிப் போனது நகையும் பாத்திரமும்தான். நகை அடகுக் கடைக்குப் போகும், அழிந்து வேறு நகையாகும். பாத்திரம் நின்றது, அதில் பெயரும் நின்றது. சடங்குக்குத் தாய்மாமன் கொடுத்த குடம், கல்யாணத்துக்குச் சின்னம்மா கொடுத்த தூக்கு, வளைகாப்புக்கு வந்த சம்படம் என்று ஒவ்வொன்றிலும் யாருக்கு, யார், சிலதில் தேதிகூட இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பந்தியில் கலந்துபோன தங்கள் பாத்திரத்தை அந்த வெட்டுக் கோடுகளைத் தடவியே கண்டுபிடித்தார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில் ஓர் ஆணை இடுகிறான். 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்கிறான். அக்கன் என்றால் குந்தவை. பொன் பாத்திரங்களை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்து, இன்னது இத்தனை கழஞ்சு என்று கணக்கும் சொல்லியிருக்கிறது. நிறையும் இருக்கிறது, கொடுத்த பெண்ணும் இருக்கிறாள். ஆயிரம் வருஷம் கழித்து உங்கள் அண்ணன்மார் நிறையை மட்டும் எழுதிக்கொண்டு கொடுத்தவளை விட்டுவிடப் பார்க்கிறார்கள். 'வெட்டு' என்ற அதே சொல்லைத்தான் பாத்திரக் கடையில் இன்றைக்கும் சொல்கிறோம், "பேர் வெட்டணுமா?" என்று.

இப்போது உங்கள் பானைக்கு வருகிறேன். தமிழ் மாதிரியே இல்லை என்று எழுதினீர்களே, அது நல்ல தமிழ் எழுத்து. பழைய 'னா'. 'ன'வுக்குப் பக்கத்தில் தனியாகக் கால் போடாமல், அந்த எழுத்தையே கீழே இழுத்துச் சுழித்து முடிப்பார்கள். ணா, றா, னாவுக்குச் சுழி, ணை, லை, ளை, னைக்குத் துதிக்கை. நான் பள்ளியில் சேர்ந்தபோது அப்படித்தான் எழுதினோம். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் இவற்றை மாற்றி அச்சடித்தார். அரசு ஏற்று ஆணை போட்டது 1978-ல், நான் ஏழாவது படிக்கும்போது. உளி பிடித்த கை அரசாணையைப் பார்த்து ஒரே நாளில் மாறியிருக்காது, அதனால் வருஷம் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பானைக்கு ஐம்பது வயதாவது இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'பொன்', அடுத்து 'னா', கடைசியில் 'ள்'. உங்கள் ஊர்ப் பக்கம் இது என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டுமா? பொன்னாத்தாள். அம்மாவின் பாட்டியாக இருக்கலாம், அப்பாவின் அத்தையாக இருக்கலாம். சந்தையில் வாங்கிய பானையாகவே இருந்தாலும், அவள் யார் வீட்டுப் பெண்ணோ. உங்கள் அம்மா அந்தப் பெயரை அழிக்காமல் அதில் பொங்கல் வைத்திருக்கிறார்கள்.

வார்னிஷ் பேச்சை விட்டுவிடுங்கள். வார்னிஷ் அடித்த பானையை அப்புறம் அடுப்பில் ஏற்ற முடியாது. ஒரு கையால் பொங்கல் வைக்கலாமா என்று எழுதிவிட்டு, அதே கடிதத்தில் பானையை அடுப்புக்கு ஆகாமல் செய்ய யோசனை கேட்கிறீர்கள். குடம் தண்ணீர் மொள்ள, பானை சோறு பொங்க. மணி பிளான்டுக்குப் பிளாஸ்டிக் டப்பா போதும். நாலு வைத்துக்கொண்டாலும் நாலையும் புழங்குங்கள். பித்தளைக்கு ஈயம் பூசாமல் புளி சேர்க்காதீர்கள். ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். 232 டிகிரியில் வெள்ளீயம் உருகிவிடும், உள்ளே ரசம் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

மற்றதை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்னை வீட்டில் அண்டாவை எங்கே வைப்பீர்கள்? பங்கு விஷயம் உங்கள் மூவர் பாடு, நான் நடுவில் வரவில்லை. வெண்கலத்தைப் பித்தளையோடு சேர்த்து நிறுக்க விடாதீர்கள், வெண்கலத்துக்கு விலை கூட. தட்டிப் பார்த்தால் தெரியும், மணி மாதிரி நின்று ஒலிக்கும்.

ஆனால் ஒன்றுகூடப் பெயர் பார்க்காமல் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. புளியால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். ஈர அரிசி மாவை எழுத்தின் மேல் பூசி, காய்ந்ததும் துணியால் மேலாக ஒற்றி எடுங்கள், பள்ளத்தில் மாவு நின்று எழுத்து வெள்ளையாக எழும்பும். மெல்லிய தாளை ஒட்ட வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாலும் வரும், கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பது போலத்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என்ன பாத்திரம், எந்த இடத்தில் பெயர், என்ன பெயர், யார் கொடுத்தது என்று எழுதுங்கள். தேய்ந்த இடத்தைப் புள்ளி வைத்து விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். நான் சொன்ன பொன்னாத்தாளையும் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஊரில் இருக்கிற வயசான பெரியம்மா, அத்தைகளிடம் போய் உட்காருங்கள். போட்டோவைக் காட்டினால் கண் தெரியவில்லை என்பார்கள். பெயரைப் படித்தால் போதும், மடமடவென்று வந்துவிடும்.

அதெல்லாம் அடுத்த வாரம். முதலில் பெரியண்ணனுக்குப் போன் போட்டு, அந்தப் பானை எடைக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். போயிருந்தால் எந்தக் கடை என்று கேட்டு நீங்களே கிளம்பிப் போங்கள்.