கேள்வி – பதில்: கூடிப் பேசுகிறோம், வேலை நகரவில்லையே?

கேள்வி: நகராட்சி, பள்ளிகள், தொழில் முனைவோர் சங்கம், இரண்டு தொண்டு நிறுவனங்கள் எல்லாம் கல்விக்காகவும் வேலைவாய்ப்புக்காகவும் சேர்ந்திருக்கிறோம். ஓராண்டு ஓடிவிட்டது. கூட்டம்தான் நடக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் இலக்கில்தான். ‘கல்வித் தரத்தை உயர்த்துவோம்’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் எதையும் மாற்ற வேண்டியிருக்காது. ‘மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். இன்று நூற்றில் எத்தனை பேரால் முடிகிறது?’ என்று எழுதிப் பாருங்கள். நூலகத்தை மாலையில் எத்தனை மணி வரை திறந்து வைப்பது, எந்த நிறுவனம் எந்தப் பள்ளிக்குப் போவது என்ற கேள்விகள் தாமாக எழும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி வட்டாரத்தில் 2006-இல் கல்விக்காகத் தொடங்கிய ‘ஸ்ட்ரைவ்’ கூட்டணியில் உள்ளூர் அமைப்புகளின் தலைவர்கள் 300-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். ஒரே வகை வேலை செய்பவர்களை 15 குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் கூடி, பொது அளவீடுகளை வைத்துப் பேசியது. முதல் சில ஆண்டுகளில் 53 அளவீடுகளில் 34 நல்ல பக்கமாக நகர்ந்தன. இதற்கென்றே முழுநேர ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். வேலையை ஒருங்கிணைக்க ஒருவர், புள்ளிவிவரம் சேர்க்க ஒருவர், கூட்டத்தை நடத்த ஒருவர் என்று குறைந்தது மூன்று பொறுப்புகள் தேவை. ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: சேர்ந்திருக்கும் அமைப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் கட்டாயம் எதையெல்லாம் எழுத வேண்டும்?

பதில்: பணத்தைப் போலவே அறை, வண்டி, ஊழியரின் நேரம் ஆகியவற்றையும் அளவோடு எழுதுங்கள். ‘ஒத்துழைப்பு தரப்படும்’ என்று எழுதாதீர்கள். ‘வாரம் 6 மணி நேரம் ஓர் ஊழியர்’ என்று எழுதுங்கள். வங்கிக் கணக்கில் இரு வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இருவர் கையெழுத்திட வேண்டும். மாணவர் விவரங்களை யார் பார்க்கலாம், பெற்றோர் சம்மதம் எப்படிப் பெறப்படும் என்பதும் வேண்டும்.

பலர் மறப்பது பராமரிப்பை. தொண்டு நிறுவனம் கணினிகள் வாங்கித் தரும், பள்ளி அறை தரும். மூன்று நான்கு ஆண்டில் யூபிஎஸ் பேட்டரி போய்விடும். மாற்றுவது யார் செலவு என்று எழுதியிராவிட்டால் அறைக்குப் பூட்டு விழும். இன்னொன்று: நகராட்சித் தலைவர் தந்த கடிதத்தை மட்டும் நம்பாதீர்கள், நகர்மன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லுங்கள். தேர்தலில் ஆள் மாறினாலும் தீர்மானம் பதிவேட்டில் நிற்கும்.

கேள்வி: கல்வி உதவித்தொகையால் ஊரின் பொருளாதாரம் வளருமா?

பதில்: உதவித்தொகையின் விதிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கலமசூ நகரில் 2005-இல் பெயர் வெளியிடாத கொடையாளர்கள் அறிவித்த திட்டத்தில், மழலையர் வகுப்பிலிருந்தே அந்நகர அரசுப் பள்ளிகளில் படித்தவருக்குக் கல்லூரிக் கட்டணம் முழுவதும், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவருக்கு 65 விழுக்காடும் கிடைத்தது. அதனால் குடும்பங்கள் சீக்கிரமே வந்து தங்க ஒரு காரணம் இருந்தது. குறைந்துகொண்டிருந்த மாணவர் சேர்க்கையும் உயர்ந்தது.

கேள்வி: தொழிற்பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லையே?

பதில்: பயிற்சியைத் தொடங்கிவிட்டு முதலாளிகளைத் தேடியிருப்பீர்கள். வரிசையைத் திருப்புங்கள். ஜெர்மனியில் பயிற்சியாளர் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். வாரத்தில் மூன்று நான்கு நாள் அங்கே வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை இப்படி நடக்கிறது.

அந்த அளவுக்கு உங்களால் முடியாவிட்டாலும், எத்தனை பேரை எடுப்பார்கள், எந்த இயந்திரத்தில் வேலை என்பதை நிறுவனங்களிடம் எழுத்தில் வாங்கிய பிறகே இடங்களின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். சான்றிதழ் தந்த நாளில் கணக்கை முடிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, அதே வேலையில் இருக்கிறாரா, விட்டிருந்தால் ஏன் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். சம்பளம் குறைவா, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பப் பேருந்து இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். பேருந்துதான் காரணம் என்றால், அதை அடுத்த கூட்டத்தில் நகராட்சியின் முன் வையுங்கள்.