கைவிரித்த மன்னருக்கு மறுபடியும் கடன் கொடுத்தது ஏன்?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் குறித்துக் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டும். அவர் மூன்று முறை திவாலானார் என்று ஒரு நூல் சொல்கிறது, நான்கு முறை என்கிறது இன்னொன்று. திவாலானவரை நம்பி மறுபடியும் எப்படிக் கடன் கொடுத்தார்கள்? அவர் வாங்கியதைப் ‘பொதுக்கடன்’ என்று எழுதலாமா?

பதில்: எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். 1557, 1575, 1596 ஆகிய மூன்றிலும் தகராறு இல்லை. 1560-ஐ முந்தைய நெருக்கடியின் தொடர்ச்சியாகக் கொண்டால் மூன்று, தனியாக எண்ணினால் நான்கு. எதை எடுத்துக்கொண்டாலும் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

உங்களை உண்மையில் குழப்புவது ‘திவால்’ என்ற சொல்தான். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டிய வியாபாரி நம் மனக்கண்ணில் வந்துவிடுகிறார். பிலிப் கடையைப் பூட்டவில்லை. அவருடைய ஸ்பானிய ஆட்சிப்பரப்பின் மையமான காஸ்டில் அரசு இரண்டு விதமாகக் கடன் வாங்கியது. ‘ஹூரோ’ நீண்டகாலப் பத்திரம். குறிப்பிட்ட ஒரு வரி வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் வட்டி வரும். மடங்களும் விதவைகளும்கூட அதை வாங்கி வைத்திருந்தார்கள். ‘அசியெந்தோ’ பெரும் வங்கியாளர்களுடன் செய்துகொள்ளும் குறுகியகால ஒப்பந்தம், வட்டி அதிகம். மன்னர் நிறுத்தியது இந்த இரண்டாவதன் பட்டுவாடாவை மட்டுமே. பிறகு பேரம் நடக்கும், நிலுவையில் கொஞ்சம் தள்ளுபடியாகும், மீதியில் பெரும்பகுதி ஹூரோவாக மாறும். நெருக்கிப்பிடிக்கும் கைமாற்றை நீண்ட தவணையாக்கிக்கொள்ளும் வேலை இது.

கட்டுரைக்கு 1575 ஒன்றே போதும் என்பேன். அந்த ஆண்டு செப்டம்பரில் அசியெந்தோ பட்டுவாடாவை நிறுத்தும் ஆணை வந்தது. அடி வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் இத்தாலிய நகரமான ஜெனோவாவின் வங்கியாளர்கள். அமெரிக்க வெள்ளி வந்து இறங்குவது ஸ்பெயினின் செவில் துறைமுகத்தில். சம்பளத்துக்குக் காத்திருக்கும் படையோ தொலைவில், கிளர்ச்சியை அடக்கப் போரிட்டுக்கொண்டிருந்த ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி). கடன் கொடுப்பதோடு, பணத்தை அங்கே நாணயமாகக் கொண்டுசேர்ப்பதும் ஜெனோவாக்காரர்களின் வேலை. அதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். மன்னர் வேறு வங்கியாளர்களைத் தேடிப் பார்த்தார். அந்த அளவுக்கு அனுப்ப யாராலும் முடியவில்லை. ஏற்கெனவே சம்பள பாக்கியில் கொதித்துக்கொண்டிருந்த வீரர்கள் கலகம் செய்து, 1576 நவம்பரில் அங்கிருந்த ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடினார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1577 டிசம்பரில் மன்னருக்கும் ஜெனோவாக்காரர்களுக்கும் உடன்பாடு கையெழுத்தானது, கடனும் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆக, கொடுத்தவர்கள் ஏமாளிகள் அல்லர். மன்னர்மீது வழக்குப் போட நீதிமன்றம் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். தாங்கள் இல்லாமல் அவரால் போர் நடத்த முடியாது என்பதும் தெரியும். ஈடாகப் பெற்ற ஹூரோக்களைச் சிறு முதலீட்டாளர்களிடம் விற்று, ஆபத்தில் ஒரு பங்கை அவர்கள் தலையில் கட்டவும் வழி இருந்தது.

‘பொதுக்கடன்’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். மன்னர் என்ற தனி ஆளின் வாக்கை அல்ல, நாட்டின் பொறுப்பை நம்பிக் கொடுப்பதே அது. அசியெந்தோவை ‘மன்னரின் கடன்’ என்றே எழுதுங்கள். ஹூரோ, மன்னரின் கடனுக்கும் பொதுக்கடனுக்கும் நடுவில் நிற்கிறது. வரி வருமானம் ஈடாக இருந்தாலும், வாக்குறுதி மன்னருடையதுதான். பிரான்சில் 1522-ல் முதலாம் ஃபிரான்சுவா பாரிஸ் நகரசபையை நடுவில் நிறுத்திக் கடன் திரட்டினார். மன்னரைவிட நகரசபையின் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்பதை அவரே ஒப்புக்கொண்டது போலத்தான் இது! இங்கிலாந்தில் 1672-ல் இரண்டாம் சார்ல்ஸ் கருவூலத்தின் பட்டுவாடாவை நிறுத்தி, லண்டன் பொற்கொல்லர்-வங்கியாளர்களைத் தவிக்கவிட்டார். அதே நாட்டில் 1694-ல், நாடாளுமன்றச் சட்டப்படி வரியை ஒதுக்கி, புதிய இங்கிலாந்து வங்கி மூலம் 12 லட்சம் பவுண்டு 8 சதவீத வட்டிக்குத் திரட்ட முடிந்தது. ‘பொதுக்கடன்’ என்ற சொல் தயக்கமின்றிப் பொருந்துவது இந்தக் கடனுக்கே. 1575-ஐப் பற்றி எழுதும் பத்தியில் அதைக் கொண்டுபோய் ஒட்டினால் உங்கள் நெறியாளர் சிவப்பு மையை எடுப்பார்.